பேரும் அரைப்பேரும்: தோட்டத்துச் சொற்களும் ஆக்க இலக்கியத் திறனாய்வும்

1

அன்றாட வாழ்வில் மக்கள் வழங்கும் சொற்கள் ஆராய்ச்சிக்கு உரியனவா என்ற வினா, தமிழ்ச் சூழலில் நெடுங்காலம் நேர்மையாக எழுப்பப்படவில்லை. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் நூலுக்கு அடிப்படையாகக் கூறுகின்றது. ஆயினும் அந்நூலின் மரபியற் சூத்திரம் ஒன்று, வழக்கு என்பதனை உயர்ந்தோர்க்கு உரியதாக வரையறுத்துவிடுகின்றது. உயர்ந்தோர் யாவர் என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை, சமுதாயமே தீர்மானிக்கின்றது. இந்த வரையறையின் நிழலிலேயே, ஈழத்தில் 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, பேச்சுமொழியில் எழுதப்பட்ட சிறுகதைகள் 'இழிசனர் வழக்கு' என இகழப்பட்டன. இழிக்கப்பட்டது மொழி மட்டுமன்று. அம்மொழியைப் பேசியோருமே என்பதை அன்றைய முற்போக்கு எழுத்தாளர்கள் சரியாகவே இனங்கண்டனர்.

அப்போராட்டத்தில் முற்போக்காளர் வெற்றி பெற்றனர் என்பது இலக்கிய வரலாற்று உண்மை. இன்று எந்தப் பிரதேசத்து எழுத்தாளரும் தம் மாந்தரைப் பேச்சுத் தமிழில் பேசவைப்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பெற்ற வெற்றியைத் திரும்பி நோக்கும்போது, அது அரை வெற்றியே என்று நாம் கருதவேண்டியிருக்கின்றது. பேச்சுமொழி இலக்கியத்துள் அனுமதிக்கப்பட்டது. ஆயின் பெரும்பாலும் மேற்கோட் குறிகளுக்குள்ளேயே அனுமதிக்கப்பட்டது. கதாசிரியர் செந்தமிழில் எடுத்துரைப்பார். தொழிலாளி கொச்சையிற் பேசுவாள். நூலின் இறுதியில் அருஞ்சொல் விளக்கம் இடம்பெறும். விமர்சகராகிய நாம் இதனை 'மண்வாசனை' என்று பாராட்டி அமைந்தோம்.

மண்வாசனை என்ற அளவுகோல் போதாதது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதனை நிறுவுதற்கு மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாள்தோறும் வழங்கும் சில சொற்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் முதன்மையானது 'பேர்' என்பதாகும்.

2

சொற்களை ஆராயுமுன் கோட்பாட்டுச் சிக்கல் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் அவசியம். மொழி வர்க்கச் சார்புடையதா? 1950ஆம் ஆண்டிலே மார் என்பாரின் மொழியியற் கொள்கையை மறுத்து எழுதிய ஸ்டாலின், மொழி அடித்தளத்தின் மீதெழும் மேற்கட்டுமானம் அன்று என்றும், அது ஒரு வர்க்கத்துக்கன்றிச் சமுதாயம் முழுவதற்கும் பணிபுரிவது என்றும் வாதிட்டார். வர்க்கத்துக்கு ஒரு மொழி என்ற எளிய சூத்திரத்தை நிராகரித்த வகையில் அவ்வாதம் பயனுடையதே. துரையின் பங்களாவில் வேலைசெய்யும் தமிழர்க்கும் கொழுந்து மலையில் வேலைசெய்யும் தமிழர்க்கும் வேற்றுமை உருபுகள் ஒன்றே. வினைமுற்று விகுதிகள் ஒன்றே. புரட்சி நிகழ்ந்தாலும் எழுவாய் பயனிலையை இழந்துவிடப் போவதில்லை.

ஆயின் இலக்கணம் ஒன்றாயிருப்பதனாற் சொல்லின் பொருளும் ஒன்றாயிருக்கும் என்று கொள்ளுதல் தவறு. 1929இல் வொலோஷினொவ் எழுதிய மார்க்சியமும் மொழித் தத்துவமும் பற்றிய நூல், ஒரே மொழியைப் பல வர்க்கங்கள் பயன்படுத்துவதனாலேயே ஒவ்வொரு சொற்குறியிலும் முரண்பட்ட அழுத்தங்கள் சந்திக்கின்றன என்று காட்டியது. வர்க்கப் போராட்டம் மொழிக்கு வெளியே நின்று மொழியைப் பிளப்பதில்லை; சொல்லின் உள்ளேயே நடைபெறுகின்றது. ஆளும் வர்க்கம் சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டென நிலைநிறுத்த முயல்கின்றது. வாழ்க்கை அம்முயற்சியைத் தொடர்ந்து குலைக்கின்றது.

இவ்வுண்மை நமது மரபிலக்கணத்துக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கில் வரும் உயர்சொல்லே என்றும், அது இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் குறிப்பிடுகின்றார். இது மிக நுட்பமான கூற்றாகும். எண் என்ற இலக்கணக் கூறு ஒருபுறமிருக்க, மதிப்பு என்ற சமூகக் கூறு அதனை மீறிச் செல்வதை அவர் கண்டார். ஒருவராகிய துரை 'வந்தாங்க' என்ற பன்மைக்கு உரியவராவதும், ஐம்பது பெண்கள் நிற்கும் நிரை 'ஏய்' என்ற ஒரே விளிக்குள் அடங்குவதும் இந்த மீறலின் இரு முனைகளே. இலக்கணத்தின் விதிவிலக்காகத் தோன்றுவது சமுதாயத்தின் விதியாக இருக்கின்றது.

3

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையும் அந்நாளுக்குரிய சம்பளமும் 'பேர்' எனப்படும். காலையில் பிரட்டுக் களத்திற் கூடும் தொழிலாளர் மலைகளுக்குப் பிரித்து அனுப்பப்படுவர். பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும். குறித்த எடை இருந்தாற் செக்ரோலில் பேர் போடப்படும். எடை குறைந்தாலோ வேலை பாதியில் நிறுத்தப்பட்டாலோ 'அரைப்பேர்'. "இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க" என்று மாலையில் லயத்துக்குத் திரும்பும் பெண் கூறும்போது, அவ்வாக்கியத்தில் வியப்புக்குரியது எதுவும் அவளுக்கோ கேட்போருக்கோ தோன்றுவதில்லை. வழக்கமே சொல்லின் கூர்மையை மழுக்கிவிடுகின்றது. ஆராய்ச்சியாளரின் கடமை அக்கூர்மையை மீண்டும் வெளிக்கொணர்வதாகும்.

அருஞ்சொல் விளக்கத்தில் 'பேர் – ஒரு நாட் சம்பளம்' என எழுதிவிடுதல் எளிது. அவ்விளக்கம் தவறன்று, ஆனால் சொல் எதனை மறைக்கின்றதோ அதனையே விளக்கமும் மறைக்கின்றது. பேர் என்பது பெயர். சம்பளம் ஏன் பெயராயிற்று? செக்ரோல் என்னும் பேரேட்டில் தொழிலாளியின் பெயருக்கு எதிரே இடப்படும் குறியே அவளது அன்றைய உழைப்பின் ஒரே சான்றாகும். அவள் ஏறிய மலையோ, மழையோ, அட்டையோ, முதுகிற் சுமந்த கூடையோ ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறுவது பெயரே. அதுவும் அவளாக எழுதுவதன்று; கணக்கப்பிள்ளை போடுவது. உழைத்துப் பெறுவது கொடுத்துப் பெறுவதாக வாக்கியத்தில் உருமாறுகின்றது. 'போட்டாங்க' என்ற பன்மை வினைமுற்றில், போடுபவர் யாரென்பதுகூடத் தெளிவின்றிப் போகின்றது.

மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் தொகுதியில், கூலி என்னும் வடிவம் ஊதியமளிக்கப்பட்ட உழைப்புக்கும் அளிக்கப்படாத உழைப்புக்கும் இடையிலான பிரிகோட்டை அழித்துவிடுகின்றது என்று விளக்கினார். நேரக்கூலி, உருப்படிக்கூலி என்ற இரு வடிவங்களையும் அவர் வேறுவேறு அத்தியாயங்களில் ஆராய்ந்து, பின்னையது முன்னையதன் மாற்றுருவே என்று காட்டினார். தோட்டத்துப் 'பேர்' இவ்விரண்டையும் ஒரே சொல்லில் பிணைத்து வைத்திருக்கின்றது. பார்வைக்கு அது நாட்கூலி. எடை குறைந்த மாத்திரத்தில் உருப்படிக் கூலியாகிவிடும். நாள் முழுவதும் நின்றவளுக்கு எடை காட்டி அரைப்பேர் போடலாம். கொழுந்து செழித்த பருவத்தில் எடைக் குறியை உயர்த்திப் பேரின் விலையைக் குறைக்கலாம். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் எடையும் இக்கணக்கிலேயே அடங்கும். ஓய்வு நாளில் எடைக்குக் காசாகவே கொடுக்கப்படும் 'கைக்காசு' மட்டுமே தன்னை உருப்படிக் கூலியென ஒளிவின்றிக் கூறிக்கொள்வது. முன்னைய றாத்தல் கிலோவாயிற்று. பேர் பேராகவே இருந்தது.

இச்சொல்லின் மற்றுமொரு பரிமாணம் பால் வேறுபாடு பற்றியது. கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்களின் வேலை. எனினும் தோட்டத்துறையில் ஆண், பெண் நாட்சம்பளம் சமப்படுத்தப்பட்டது 1984இலேயே ஆகும். அதுவரை பெண்ணின் முழுப்பேர் ஆணின் முழுப்பேரினும் குறைவானது. முழுமை என்ற சொல்லுக்கே இரு அளவுகள் இருந்தன. அவளது சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கமும் தோட்டங்களிற் பரவலாக இருந்தது. பேர் அவளுடையது, பேரினால் வந்த காசு அவளுடையதன்று.

4

பேர் என்ற சொல்லைச் சூழ்ந்து நிற்கும் ஏனைய சொற்களையும் சுருக்கமாக நோக்குவோம்.

'கூலி' என்பது தமிழில் வேலைக்குரிய ஊதியம். வேலை செய்பவர் கூலியாள் அல்லது கூலிக்காரர். ஆங்கிலத்தில் வழங்கிய கூலி என்ற சொல்லின் தோற்றம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தோற்றம் எதுவாயினும், குடியேற்ற ஆட்சியின் சட்டங்களிலும் தோட்டக் கணக்குகளிலும் அது மனிதரையே குறித்தது. ஊதியத்தைக் குறித்த சொல்லும் ஊதியத்துக்கு உழைப்பவரைக் குறித்த சொல்லும் ஒலியால் ஒன்றாகிவிட்ட நிலையில், தமிழ்த் தொழிலாளி தன் சொந்த மொழியிலேயே தன் விலையின் பெயரால் அழைக்கப்பட்டாள். உழைப்புச் சக்தி பண்டமாகும்போது அதன் உடைமையாளர் பண்டத்தின் விலையாகவே காணப்படுவர் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று தேடவேண்டியதில்லை.

'கங்காணி' கண்காணி என்பதன் திரிபு. கண்காணிப்பவன் என்ற பொருள் அப்பட்டமானது. ஆயின் பெரிய கங்காணி தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டும்போது பெரும்பாலும் தன் உறவினரையும் சாதியினரையும் ஊராரையுமே திரட்டினான். வழிச் செலவுக்குக் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டது. மாமா என்றும் சித்தப்பா என்றும் அழைக்கப்பட்டவன் கடன் கொடுத்தவனாகவும் வேலை வாங்குபவனாகவும் இருந்தான். உறவுமுறைச் சொல் இங்கு கடனை மறைக்கும் திரையாயிற்று. தந்தைபோன்ற கங்காணி என்று தோட்ட முதலாளிகள் போற்றியதன் பொருளாதார அடிப்படை இதுவே. அவனுக்குக் கீழிருந்த சிறிய மேற்பார்வையாளனை மக்கள் 'சில்லறைக் கங்காணி' என்றனர். அதிகாரத்தையும் பணத்தைப் போலவே பெரிய நாணயம், சில்லறை என்று மாற்றிப் பார்த்த அச்சொல்லில் மக்களின் நகை ஒளிந்திருக்கின்றது.

'துண்டு' என்ற சொல்லோ இன்னும் கொடியது. தொழிலாளி ஒருவரது கடன் இவ்வளவென்றும், அதனைச் செலுத்தினால் அவரை விடுவிக்கலாம் என்றும் தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுக்கும் தாளே துண்டாகும். கடனைச் செலுத்தும் மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளரின் உழைப்பு அதன்வழி கைமாறியது. ஒரு குடும்பத்தின் எதிர்காலம் ஒரு துண்டுத் தாளில் அடங்கிற்று. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தாள் ஒழிந்தது, தாளினால் மனிதரை அசைக்கும் முறை ஒழியவில்லை. வேலைநீக்கத்தையும் லயத்திலிருந்து வெளியேற்றத்தையும் ஒருங்கே குறித்த 'பத்துச் சீட்டு' தொடர்ந்து அச்சமூட்டிற்று.

'துரை' என்ற சொல் ஆட்சி மாற்றங்களுக்குத் தப்பிப் பிழைக்கும் ஆற்றலுக்கு உதாரணம். வெள்ளையர் தோட்ட அதிகாரிகளாயிருந்த காலத்தில் பெரியதுரை, சின்னதுரை என்ற வழக்கு நிலைபெற்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் மீண்டது. வெள்ளையர் போயினர், அரசு வந்தது, கம்பனி வந்தது, துரை துரையாகவே இருந்தார். சொத்துரிமையின் சட்ட வடிவம் மாறியபோதும் மலையிலும் மடுவத்திலும் உற்பத்தி உறவு மாறவில்லை என்பதைச் சட்ட நூல்களைக் காட்டிலும் இந்த ஒரு சொல் செப்பமாகப் பதிந்துவைத்துள்ளது. 1975இன் அரசுடைமையாக்கத்தைச் சோஷலிசத்தின் படிக்கட்டாகக் கருதிய முற்போக்காளர், தொழிலாளர் அப்போது எந்தச் சொல்லை வழங்கினர் என்று செவிமடுத்திருந்தால் அத்துணை விரைவில் மகிழ்ந்திரார்.

ஈற்றில் 'நாடு'. தோட்ட எல்லைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்தைத் தோட்ட மக்கள் நாடு என்றும், அங்கு வாழ்வோரை நாட்டாட்கள் என்றும் கூறுவர். தோட்டம் நாட்டுக்குள் இருப்பினும் நாடன்று. 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு இம்மக்களை 'இந்தியத் தமிழர்' என வேறுபடுத்தியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரைப் பிரசைகள் அல்லாதோராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பறித்தது. சட்டம் செய்த விலக்கலுக்கு மக்கள் வழக்கு முன்னரே பெயரிட்டிருந்தது எனலாம்.

பேரையும் நாட்டையும் இணைத்துப் பார்க்கும்போது இதன் முழு அவலமும் புலப்படும். செக்ரோலில் இடம்பெற்ற பேர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கியது. பிரசாவுரிமைக்குத் தந்தை இங்கு பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தனர் என்றோ காட்டவேண்டியிருந்தது. மூன்று தலைமுறையாக உழைப்பை எழுதிய ஏடுகள் இருந்தன. பிறப்பை நிறுவும் ஏடுகள் பெரும்பாலோரிடம் இருக்கவில்லை. உழைப்பதற்குப் பேர் உண்டு, வாழ்வதற்குப் பேர் இல்லை என்ற நிலை அது.

5

இதுவரை கூறியதைக் கொண்டு, தோட்டத்து மொழி ஒடுக்குதலின் பதிவு மட்டுமே என்று முடிவு செய்தல் பொருந்தாது. சொல் இருமுனைப்பட்டது. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் மக்களிடையே பரப்பிய சொற்களை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். மீனாட்சி அம்மை 1940இல் வெளியிட்ட பாடற் சிறுநூல் சந்தையிலும் கூட்டத்திலும் பாடுதற்குரிய மெட்டுகளில் அமைந்தது. கூலி என்று அழைக்கப்பட்டவர் 'தொழிலாளர்' என்று தம்மை அழைத்துக்கொண்ட தருணம் சொற்பட்டியலில் ஒரு மாற்றம் மாத்திரமன்று. ஊதியத்தின் பெயரால் அறியப்பட்டோர் தொழிலின் பெயரால் அறியப்படத் துணிந்தமையாகும். 'மலையகம்', 'மலையகத் தமிழர்' என்பனவும் அவ்வாறே வென்றெடுக்கப்பட்டவை. 'இந்தியத் தமிழர்' என்று அரசும், 'தோட்டக்காட்டான்' என்று ஏனையோரும் வழங்கிய பெயர்களுக்கு அவை மறுமொழி. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோர் தம்மை எப்பெயரால் அறிவித்தனர் என்பது இம்மறுமொழி இன்னும் ஒலிக்கின்றமைக்குச் சான்று.

தோட்டக்காட்டான் என்ற சொல்லை வழங்கியோர் சிங்களவரோ வெள்ளையரோ மட்டுமல்லர். வடபகுதித் தமிழரும் அதனைத் தாராளமாகவே வழங்கினர். கிராணியாகவும் ஆசிரியராகவும் கடைக்காரராகவும் மலைநாடு சென்ற நம்மவர் வாயில் அச்சொல் புழங்கிற்று. பேச்சுமொழியை இழிசனர் வழக்கு என்ற பண்டிதரை எதிர்த்தபோது நமக்கிருந்த தார்மிக ஆவேசம், நமது வீட்டு முற்றத்தில் வழங்கிய இச்சொல்லின்மீது பாயவில்லை. இதனை ஒப்புக்கொள்ளாத திறனாய்வு முற்போக்கானதாகாது.

எதிர்ப்புச் சொற்களும் காலப்போக்கில் நிறம் மாறுவதுண்டு என்பதையும் மறைத்தலாகாது. 'சங்கம்' என்பது ஒருகாலத்திற் கூடுதலின் பெயர். பின்னர் மாதச் சந்தா கழிக்கும் அலுவலகத்தின் பெயருமாயிற்று. 'தலைவர்' என்ற விளியில் துரை என்ற விளியின் பணிவு குடியேறிய சந்தர்ப்பங்கள் உண்டு. சொல்லைக் கைப்பற்றினால் மட்டும் போதாது. உறவு மாறாதவிடத்துப் புதிய சொல்லும் பழைய வேலையையே செய்யும்.

6

இனி ஆக்க இலக்கியத்துக்கு வருவோம். மலையக எழுத்து ஈழத் தமிழிலக்கியத்தின் ஓரத்திலன்றி மையத்தில் வைத்து நோக்கத்தக்கது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, மறுவருடத்துச் சட்டம் தம் மக்களை என்ன செய்தது என்பதை உள்ளிருந்தே கண்டவர். அவர் தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இத்தகைய சொல்லாராய்ச்சிக்கு முதன்மையான மூலமாகும். நாட்டார் பாடல் என்ற பெயரில் அதனை இனிமைக்காக மட்டும் படிப்பது, மண்வாசனை நோக்கின் மற்றுமொரு வடிவமே. அப்பாடல்களில் வரும் கங்காணியும் துரையும் அலங்காரத்துக்கு வந்தோர் அல்லர்.

என். எஸ். எம். இராமையாவின் தொகுதி 1980இல் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற பெயருடன் வெளிவந்தது. தலைப்பே ஓர் அளவையாகும். கொழுந்தின் அளவே தொழிலாளியின் அளவாகிவிட்ட ஓர் உலகத்தின் நுழைவாயிலாக அத்தலைப்பு நிற்கின்றது. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' 1979இல் வெளிவந்தது. தேசியப் பெருமிதம் பேசிய பாரதியின் தொடரை எடுத்து, நாடு என்பது தமக்கு வெளியிலிருக்கும் இடம் என்று கூறப் பழகிய மக்களின் கதைகளுக்கு அவர் பெயராக்கினார். முன்னர் நாம் ஆராய்ந்த நாடு என்ற சொல்லை அறியாத வாசகர் அத்தலைப்பிற் பாரதியை மட்டுமே கேட்பர். அறிந்தவர் அதன் கசப்பையும் கேட்பர். இவ்வெழுத்தாளர்களது சிறப்பு ஒலிகளை நகலெடுத்ததில் இல்லை. சொல்லினுள் உறைந்த உறவைக் கதையின் அச்சாக்கியதிலேயே உள்ளது.

இதற்கு மாறான இரு குறைபாடுகளையும் சுட்டவேண்டும். முதலாவது, பேச்சுமொழியை அழகுப் பொருளாக்குவது. 'வந்திச்சு', 'போயிருச்சு' என்ற விகுதிகளைத் தூவிவிட்டால் மலையகம் வந்துவிடும் என எண்ணுதல் இதன்பாற்படும். இரண்டாவது குறைபாடு நம்மவரது. தொழிலாளி பாத்திரம் விழிப்படைந்த மறுகணமே 'சுரண்டல்', 'வர்க்கம்', 'உற்பத்திச் சாதனம்' என்று நமது துண்டுப்பிரசுரத்தின் மொழியிற் பேசுவதை நாம் முற்போக்கு என மதிப்பிட்டோம். ஆனால் சுரண்டலின் முழுக் கணக்கும் அவள் நாள்தோறும் சொல்லும் அரைப்பேர் என்ற சொல்லிலே அடங்கியிருந்தது. அச்சொல்லை அவள் ஒருநாள் வேறு அழுத்தத்தோடு உச்சரிக்கும் தருணமே விழிப்பின் தருணம். அதனைக் காட்டுவது கலைஞரின் பணி; அதனை இனங்காண்பது விமர்சகரின் பணி. முன்னையது அங்கங்கே நிகழ்ந்தது. பின்னையதில் நாம் பின்தங்கினோம்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். பிரதேசச் சொற்களில் இவ்வளவு ஊன்றி நின்றால் தமிழ் பேசும் தொழிலாளரிடையே பொதுமொழி வளர்வது எவ்வாறு? தோட்டத்துப் பிள்ளைக்குத் தேவையானது செம்மையான பொதுத்தமிழா, அல்லது மடுவத்துச் சொல்லா? இவ்வாட்சேபத்தில் நியாயமுண்டு. மனுவெழுதவும் சட்டம் படிக்கவும் பொதுமொழி இன்றியமையாதது. கல்வி மறுக்கப்பட்டோரை அவர்தம் வழக்கிலேயே இருத்தி அழகு பார்ப்பது இன்னொரு வகை ஒடுக்குமுறை. ஆயின் பொதுமொழி என்பது சொல்லின் வரலாற்றை அழித்துப் பெறுவதாக இருக்கவேண்டியதில்லை. பேர் என்பதற்கு நாட்சம்பளம் என்று எழுதக் கற்கும் பிள்ளை, நாட்சம்பளம் ஏன் பேர் எனப்பட்டது என்பதையும் கற்கவேண்டும். அப்போதுதான் அவள் பெறுவது இரவல் மொழியாகாது.

7

மொழி சிந்தனையின் நடைமுறை வடிவம் என்ற கருத்தை மார்க்சும் ஏங்கெல்சும் ஜெர்மன் சித்தாந்தம் பற்றிய கையெழுத்துப் படியில் முன்வைத்தனர். மனிதர் பிறரோடு உறவுகொள்ளும் தேவையிலிருந்தே மொழி பிறக்கின்றதென்றால், அவ்வுறவுகள் எத்தன்மையன என்பதை அறிதற்கு அன்றாடச் சொல்லைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. அகராதிகளும் இலக்கணங்களும் உயர்ந்தோர் வழக்கை நெடுங்காலம் பேணின. உழைப்போர் வழக்கைத் தொகுக்கும் பணி தனிமனித முயற்சிகளுக்கே விடப்பட்டது. மலையகத் தொழிற்சொற்களை அவற்றின் வரலாற்றோடும், அவற்றை வழங்கும் வாக்கியங்களோடும் சேர்த்துத் தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஏற்கவேண்டும். பிரட்டு, கவ்வாத்து, மட்டம், மடுவம், காம்பரா என்ற ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே ஒரு வேலைமுறையும் அதிகாரமுறையும் உள்ளன. அவற்றை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என 2021இல் வர்த்தமானி வாயிலாக நிர்ணயிக்கப்பட்டபோது, நிர்வாகங்களுக்கும் தொழிலாளருக்கும் இடையே உடனடியாக மூண்ட பிணக்கு யாது? எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பதே. சம்பளத் தொகை உயர்ந்த அதே வேளையில் பேரின் அளவை மாற்றும் முயற்சிகள் எழுந்தன. பொருளியல் அறிக்கைகள் தொகையைப் பேசின. மலையில் நின்ற பெண்கள் பேரைப் பேசினர். பிரச்சினையின் உயிர்நிலை எங்குள்ளது என்பதை அவர்கள் மொழி அறிந்திருந்தது.

மரபுப் போராட்டத்தில் நாம் வென்றது மக்களைப் பேசவைக்கும் உரிமையை. அவர்கள் பேசுவதைக் கேட்கும் பொறுப்பு இன்னும் எஞ்சியுள்ளது. அரைப்பேர் என்ற சொல்லுக்கு நூலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதிக் கடந்துபோகும் திறனாய்வு, அச்சொல்லைச் சொன்னவளுக்கு மீண்டும் ஒருமுறை அரைப்பேரே போடுகின்றது.